விட்டத்தின் விலையும் வேலையும்

பழைய ஓட்டு வீடுகளைப் புதுப்பித்து வாழும் ஆர்வம் தமிழகத்தில் அண்மைக் காலமாகப் பெருகி வருகிறது. நகரங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, பெற்றோர் வாழ்ந்த வீட்டைச் செப்பனிடுகிறார்கள். செட்டிநாட்டிலும் காவிரிப் படுகையிலும் பழைய வீடுகள் சில, பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. அனைத்தையும் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவதைக் காட்டிலும் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், இந்த ஆர்வத்தோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைகிறது. அது பெரும்பாலும் பரணில் தொடங்குகிறது.

ஓட்டுக் கூரையின் சரிவுக்கும் கூடத்துக்கு மேலுள்ள பலகைத் தளத்துக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கும். முன்பு அங்கே பித்தளைப் பாத்திரங்களும் விதை நெல்லும் பழைய ஏடுகளும் கிடந்தன. இன்று அதைப் பார்ப்பவருக்கு ஒரு படுக்கையறையோ படிப்பறையோ கண்ணில் தெரிகிறது. அந்த அறைக்குத் தடையாகத் தெரிபவை மரங்கள்தாம். நிமிர்ந்து நடக்க விடாமல் குறுக்கே கிடக்கும் விட்டங்கள், நடுவில் நிற்கும் குத்துக்கால்கள், சாய்வாக ஊன்றியிருக்கும் முட்டுக்கட்டைகள் ஆகியவற்றைக் கண்டதும், “இந்த ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு விடை கூறுமுன் வேறு மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த மரத்தின் மீது எங்கிருந்து சுமை வந்து சேர்கிறது? அதை அந்த மரம் எந்த வகையில் தாங்குகிறது? தாங்கியதை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கிறது? இம்மூன்றுக்கும் விடை தெரியாத நிலையில் எந்த மரத்தின் மீதும் ரம்பம் படக் கூடாது.

கூரையின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இரண்டு சீட்டுகளை வழவழப்பான மேசை மீது ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். உச்சியில் அவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அடியிலோ இரண்டும் வெளிப்புறமாகச் சறுக்கும். இரண்டின் அடியையும் ஒரு நூலால் இணைத்துக் கட்டிவிட்டால் சறுக்கல் நின்றுவிடும். சரிந்து நிற்கும் சீட்டுகள்தாம் கூரையின் கைமரங்கள். அந்த நூல்தான் விட்டம். மேலே இருக்கும் எதையும் அது தாங்குவதாகத் தோன்றாது. உண்மையில் அது இரு சுவர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இழுப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். சுவருக்குச் சுவர் 5 மீட்டர் அகலம், உச்சி வரை 1.5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ எடை இருக்கும். கைமரங்களின் எடையையும் சேர்த்தால், வீட்டின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 400 கிலோ. இந்தச் சரிவில் அந்த எடை, சுவரின் தலைப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 165 கிலோ அளவுக்கு வெளிப்புறமாகத் தள்ளும். வீடு 10 மீட்டர் நீளம் என்றால், ஒவ்வொரு பக்கச் சுவரின் மீதும் ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட தள்ளுவிசை இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. ஓடு மழையில் நனைந்தால் எடை கூடும், தள்ளுவிசையும் கூடும்.

சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய பழைய சுவர்கள், தலை மேல் நேராக இறங்கும் எடையைத் தலைமுறைகளாகத் தாங்கக்கூடியவை. பக்கவாட்டில் தள்ளினால் அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு. அதனால்தான் தள்ளலைச் சுவரிடம் விடாமல் விட்டத்திடமே ஒப்படைத்தார்கள்.

“எடுக்க வேண்டாம், தலை இடிக்காமல் சற்று மேலே தூக்கிப் பொருத்திவிடலாமே” என்று சிலர் யோசனை சொல்வார்கள். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்தைச் சுவர் மட்டத்திலிருந்து கூரையின் பாதி உயரத்துக்குத் தூக்கினால், அது தாங்க வேண்டிய இழுப்பு இருமடங்காகும். அதோடு, இணைப்புக்குக் கீழே இருக்கும் கைமரப் பகுதி வளையத் தொடங்கும். கூடுதல் இழுப்புக்கு ஏற்ற இணைப்பும், கூடுதல் வளைவுக்கு ஏற்ற கைமரமும் இல்லாமல் விட்டத்தை இடம் மாற்றுவது, எடுத்துவிடுவதைவிடச் சற்றே மெதுவான ஆபத்து.

எல்லாக் கூரைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பல வீடுகளில் விட்டத்தின் நடுவில் ஒரு குத்துக்கால் நிற்கும். அதன் தலையில் மோட்டுவளை ஓடும். கைமரங்களின் மேல்முனை அந்த வளையின் மீது அமர்ந்திருக்கும். இங்கே கூரை எடையில் ஏறத்தாழப் பாதி வளை வழியாகக் குத்துக்காலுக்கும், குத்துக்கால் வழியாக விட்டத்தின் நடுவுக்கும் இறங்குகிறது. நாம் மேலே பார்த்த கூரையில் இரண்டரை மீட்டருக்கு ஒரு குத்துக்கால் இருந்தால், ஒவ்வொன்றும் சுமார் அரை டன் எடையைச் சுமக்கிறது. பார்ப்பதற்கு வெறும் கட்டைதான். அதை எடுத்துவிட்டால் கூரை அன்றே விழுந்துவிடாமல் இருக்கக்கூடும். ஆனால், வளை தொய்யும். அதுவரை தள்ளாமல் இருந்த கைமரங்கள் சீட்டுகளைப் போலச் சாய்ந்து சுவரைத் தள்ளத் தொடங்கும். ஒரு வகைக் கூரையாகக் கட்டியதை, நாமே அறியாமல் இன்னொரு வகைக் கூரையாக மாற்றிவிடுகிறோம்.

முற்றிலும் எடுக்காமல், கொஞ்சம் செதுக்கினால் போதும் என்று நினைப்பதும் உண்டு. மின்கம்பிக் குழாய்க்காகவோ கதவு நிலைக்காகவோ உத்திரத்தில் காடி வெட்டுகிறார்கள். மரத்தின் வளைவு வலிமை அதன் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. உயரத்தில் கால் பங்கை வெட்டினால், வெட்டிய இடத்தில் வலிமை கால் பங்கு மட்டும் குறைவதில்லை; ஏறத்தாழ 44 விழுக்காடு குறைகிறது. உத்திரத்தின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில் வெட்டுவது இன்னும் மோசமானது. இழுவிசை மிகுந்திருக்கும் இடம் அதுதான். விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

பரணை அறையாக்கும்போது இன்னொரு சுமையும் வந்து சேர்கிறது. குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது இரண்டு டன்னுக்கு மேல் வரும். பாத்திரங்களுக்கென்று போட்ட பலகையும் அதன் கீழுள்ள கட்டைகளும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும். ஆக, ஒரே வேலையில் தாங்கும் மரத்தைக் குறைத்துத் தாங்க வேண்டிய சுமையைக் கூட்டுகிறோம்.

இத்தகைய தவறுகள் உடனே வெளிப்படுவதில்லை என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது. தஞ்சை மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பரணை அறையாக்குவதற்காக மூன்று விட்டங்களை அகற்றியது. வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரர், மரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொண்டார். முதல் கோடையில் ஒன்றும் நேரவில்லை. வந்து பார்த்தவர்கள் அறையின் விசாலத்தைப் பாராட்டினார்கள். இரண்டாவது வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது முகடு நடுவில் தொய்ந்திருந்தது. ஓட்டு வரிசைகள் விலகியிருந்தன. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்ததில் பக்கச் சுவர் இரண்டு அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. நல்ல வேளையாக, எவருக்கும் காயம் இல்லை. கூரை முழுவதையும் பிரித்து, இரும்புக் கம்பிகளால் சுவர்களை இழுத்துக் கட்டி, ஒரு பகுதியை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. விட்டங்களுக்குக் கழித்த தொகை அந்தச் செலவின் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

ஏன் இந்தத் தாமதம்? தொடர்ந்து சுமையில் இருக்கும் மரம் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக வளைந்துகொண்டே போகும் இயல்புடையது. சுவரின் உராய்வும் ஓடுகளின் பிணைப்பும் சில காலம் ஒப்பேற்றும். மேலும், சில மரங்கள் அமைதியான நாளில் வேலையே செய்யாதவை போலத் தளர்வாக இருக்கும். கூரையை மேலிருந்து அழுத்துவது எடை மட்டும்தான் என்றால் அவை தேவையற்றவையாக இருக்கலாம். புயல் காற்றோ கூரையை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது. அப்போது அழுந்தியிருந்த மரம் இழுபடுகிறது. சும்மா இருந்த மரம் வேலைக்கு வருகிறது. 2011 டிசம்பரில் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பரில் நாகை, வேதாரண்யம் பகுதியைச் சூறையாடிய கஜா புயலையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லாண்டுகளில் ஒரே ஓர் இரவுக்காக வைக்கப்பட்ட மரமும் கூரையில் உண்டு.

இத்தனை ஆபத்து இருந்தும் விட்டங்கள் ஏன் இவ்வளவு எளிதாக அகற்றப்படுகின்றன? அறியாமை ஒரு காரணம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதைவிட வலுவாகத் தெரியும் காரணம் வேறு. கழற்றிய மரத்துக்கு விலை உண்டு. கூரையில் இருக்கும் மரத்துக்கு விலை இல்லை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு, செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாகவும் உத்திரங்களாகவும் ஆயிற்று. இன்று அதே மரம் பழம்பொருள் சந்தைக்குத் திரும்புகிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் நடந்து சென்றால் தூண், நிலை, கதவு என்று வீடுகளின் உறுப்புகளைத் தனித்தனியாகக் காணலாம். நன்கு விளைந்து, நன்கு உலர்ந்த பழைய தேக்குக்கு இணையான மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அறுத்துத் தளவாடம் செய்வதற்கும் அதற்குக் கிராக்கி இருக்கிறது. இந்த வணிகத்தில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. பயனற்றுப்போன வீட்டின் மரம் வேறொரு வீட்டில் பயன்படுவது நல்லதே. ஆனால், நிற்கும் வீட்டிலிருந்து மரத்தைப் பிரிக்க இந்த விலை தூண்டுகோலாகும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பிரெஞ்சுப் பொருளியலர் ஃபிரடெரிக் பாஸ்டியா, 1850-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கண்ணுக்குத் தெரியும் விளைவையும் தெரியாத விளைவையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று வாதிட்டார். விட்டத்தை விற்றால் வரும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. கிடைக்கும் இடமும் தெரிகிறது. சுவர் சாயாமல் இருப்பது ஒரு நிகழ்ச்சியே அன்று. அது எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாது. நிகழாமல் தடுக்கும் பணிக்கு எப்போதும் நேரும் கதி இதுதான்.

இரண்டாவது சிக்கல், ஆலோசனை சொல்பவரின் ஆதாயம். “இந்த மரம் எதையும் தாங்கவில்லை, எடுத்துவிடலாம்” என்று சொல்பவரே அந்த மரத்தை எடுத்துச் செல்பவராகவும் இருந்தால், அவர் சொல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நோயைக் கண்டறிபவரும் மருந்தை விற்பவரும் ஒருவராக இருக்கும்போது நாம் இன்னொரு கருத்தைக் கேட்பதில்லையா? அதே எச்சரிக்கை இங்கும் தேவை.

மூன்றாவது, திருத்த முடியாமை. கென்னத் ஆரோவும் ஆந்தனி ஃபிஷரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, திரும்பப் பெற முடியாத முடிவுகளைப் பற்றியது. விளைவு உறுதியாகத் தெரியாத நிலையில், மீட்க முடியாத ஒன்றைச் செய்யாமல் தள்ளிப்போடுவதற்கே ஒரு பொருளாதார மதிப்பு உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். இயற்கை வளங்களைக் குறித்து அவர்கள் எழுதியது பரணுக்கும் பொருந்தும். விட்டத்தை இன்று எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டும் எடுக்கலாம். இன்று அறுத்து விற்றுவிட்டால் அடுத்த ஆண்டு அதே மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் கூரையடி வெற்றிடத்தை அறையாக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே 1960-களிலிருந்து கட்டப்பட்ட பல வீடுகளில், தொழிற்சாலையில் செய்த மெல்லிய மரச் சட்டகங்களே கூரையைத் தாங்குகின்றன. அவற்றின் ஒவ்வொரு துண்டும் மற்றவற்றை நம்பியே நிற்பதால், ஒன்றை அறுத்தாலும் சட்டகம் முழுவதும் வலுவிழக்கும். எனவே, பரணை அறையாக்குவதற்குக் கட்டட விதிகளின்படி ஒப்புதல் பெற வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. வீட்டுக்குள் செய்யும் சிறு மாற்றமாக அதை அவர்கள் கருதுவதில்லை.

எந்த மரத்தையும் தொடவே கூடாது என்று நான் கூறவில்லை. கரையான் அரித்ததையும் உளுத்ததையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இழுப்பில் மட்டும் இருக்கும் விட்டத்துக்குப் பதிலாக, பொறியாளர் கணக்கிட்டுச் சொன்ன தடிமனில் இரும்புக் கம்பியைப் பொருத்த முடியும். மெல்லிய கம்பிக்கும் இழுப்பைத் தாங்கும் ஆற்றல் உண்டு. அழுத்தத்தைத் தாங்கும் குத்துக்காலுக்கு அப்படி ஒரு கம்பியை வைக்க முடியாது, நெளிந்துவிடும். எந்த மரம் இழுபடுகிறது, எது அழுந்துகிறது, எது வளைகிறது என்று தெரிந்த பிறகே மாற்று என்ன என்று யோசிக்க முடியும்.

அதைத் தெரிந்துகொள்வதற்கு வழிகள் உண்டு. முதலில் பரணை முழுவதுமாகக் காலி செய்து, ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணக்கட்டியால் எண் எழுதி, எது எதன்மீது அமர்ந்திருக்கிறது என்று ஒரு படம் வரைய வேண்டும். ஓட்டிலிருந்து தொடங்கி, சட்டம், கைமரம், வளை, குத்துக்கால், விட்டம், சுவர் என்று தரை வரை சுமையின் பாதையைத் தொடர்ந்து செல்ல வேண்டும். பாதையில் எங்கேனும் அறுபட்டிருந்தால், முன்னொரு காலத்தில் எவரோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து, இணைப்புகளைப் பார்க்க வேண்டும். மரத்தின் முனை மற்றொன்றின் மேல் வெறுமனே அமர்ந்திருந்தால், அது பெரும்பாலும் அழுத்தத்தைத் தாங்குகிறது. கழுந்து செருகி, குறுக்கே முளை அடித்திருந்தாலோ இரும்புப் பட்டை கட்டியிருந்தாலோ, அது இழுப்புக்கும் ஆளாகக்கூடும் என்று தச்சர் எதிர்பார்த்திருக்கிறார். முளை அடிப்பது வேலையைக் கூட்டும். காரணமின்றி அதை எவரும் செய்திருக்க மாட்டார்கள். வெற்றுத் துளைகளைக் கண்டு, “இது எங்கிருந்தோ வந்த பழைய மரம், தேவைக்கு மேல் போட்டிருக்கிறார்கள்” என்று முடிவு கட்டவும் கூடாது. வேறொரு வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்துவது அன்றும் வழக்கம்தான்.

பிறகு, மரத்தின் நலம். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையே ஈரத்தால் முதலில் கெடும். நடுப்பகுதி உறுதியாக இருப்பதை வைத்து முனையை மதிப்பிட முடியாது. தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா, மந்தமாக ஒலிக்கிறதா என்பதும், கூரிய ஆணி எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பதும் ஓரளவு சொல்லும். முனைக்கு முனை நூல் பிடித்தால் தொய்வு தெரியும். தூக்குக்குண்டு சுவரின் சாய்வைக் காட்டும். விரிசலின் குறுக்கே சிறிது சாந்து பூசித் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதைச் சில மாதங்களில் அறியலாம்.

இவ்வளவும் வீட்டுக்காரரே செய்யக்கூடியவை. முடிவை மட்டும் அவர் தனியாக எடுக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரும், ஓட்டுக் கூரை வேய்ந்து பழகிய தச்சர் ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பொறியாளருக்குக் கணக்குத் தெரியும். அந்த ஊர்க் கூரையின் வழக்கம் தச்சருக்குத் தெரியும். அவர்களுக்குத் தரும் கட்டணம், மரம் விற்ற பணத்திலோ வேலையின் லாபத்திலோ பங்காக இல்லாமல் தனியாகத் தரப்பட வேண்டும். எடுப்பது என்று முடிவானால், முட்டுக் கொடுத்து, மாற்றைப் பொருத்தி, அதன்மீது சுமையை இறக்கிய பிறகே பழையதை அகற்ற வேண்டும். இந்த வரிசை தலைகீழாவதே பல விபத்துகளுக்குக் காரணம்.

உள்ளாட்சி அமைப்புகளும் இதில் உதவ முடியும். பழைய மரக் கூரைகளை மதிப்பிடத் தெரிந்த பொறியாளர்களின் பட்டியலை நகராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் வெளியிடலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு பயிலும் மாணவர்களுக்கு, ஓட்டுக் கூரையைப் பிரித்து மீண்டும் வேயும் பயிற்சியை ஒரு பாடமாக வைக்கலாம். கூரையைப் படிக்கத் தெரிந்த தச்சர்களில் பெரும்பாலோர் முதுமையை அடைந்துவிட்டார்கள். அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டால், மரம் இருந்தும் அதன் பொருள் தெரியாதவர்களாகி விடுவோம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் ஓடு பிரித்து மாற்றும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. கூரையின் எல்லா மரங்களும் வெளிச்சத்தில் தெரியும் சில நாட்கள் அவை. பரணில் அறை கட்டும் எண்ணம் உள்ளவர்கள், அந்த நாட்களில் பொறியாளரையும் தச்சரையும் ஒருசேர அழைத்து, மேலே ஏற்றிக் காட்டட்டும். மரத்துக்கு விலை பேச வருபவர் அதற்குப் பிறகு வரலாம்.